பச்சையாக நிற்கும் செத்த மரம்

ஒரு மில்லிலிட்டருக்கு 40. மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வேலையில் இந்தக் கணக்கில்லாமல் பொழுது போகாது. பொறியின் அடியில் இருக்கும் டப்பாவைக் கழற்றி, குச்சி, இலை, ஈ, எறும்பு எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சிய வண்டுகளை அளவுக் குடுவையில் கொட்ட வேண்டும். லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, எத்தனை மில்லிலிட்டர் என்று பார்த்து 40 ஆல் பெருக்கினால் அன்றைய எண்ணிக்கை கிடைத்துவிடும். ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் கோடையே முடிந்துவிடும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டைக்குள் வாழும் இந்தப் பட்டை வண்டின் நீளம் நாலு முதல் ஐந்தரை மி.மீ. இதன் சின்னத் தம்பி ஒன்று உண்டு, இரண்டு மி.மீ. அதற்கு மில்லிலிட்டருக்கு 500 என்று கணக்கு.

நான் பூச்சியியல் படித்தது தமிழ்நாட்டில். அங்கே இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது வண்டு தன் இனத்தைக் கூப்பிடும் வாசனையை வைத்து இழுக்கும் பொறி என்றால், தென்னந்தோப்புதான். காண்டாமிருக வண்டுக்கு ஒன்று, சிவப்புக் கூன்வண்டுக்கு ஒன்று. காலையில் வாளியில் வண்டு கிடந்தால் தோப்புக்காரர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும், இத்தனை ஒழிந்தது என்று. அந்த மனக்கணக்கோடுதான் ஜெர்மனியின் தென்கிழக்கு மூலைக்கு, செக் எல்லையை ஒட்டிய மலைக்காட்டுப் பக்கம் வேலைக்கு வந்தேன். இங்கே டப்பா நிறைந்திருந்தால் வனக்காவலர் முகம் இறுகிப்போகும். விழுந்தது இவ்வளவு என்றால் விழாமல் பறப்பது எவ்வளவு என்று அவர் மனம் ஓடும். இந்த வேறுபாடு எனக்குப் பிடிபடக் கொஞ்சம் காலம் ஆனது. பொறியை வைத்து வண்டை ஒழிக்கிறோம் என்று எங்கள் நிலையத்தில் யாரும் நினைப்பதில்லை. அது நாட்காட்டி பார்க்கிற கருவி. அவ்வளவுதான்.

ஒழிக்கலாம் என்று நம்பிய காலமும் இருந்தது. 1970களில் நார்வே, சுவீடன் காடுகளில் இந்த வண்டு பெருகி, நார்வேயில் மட்டும் சுமார் 50 லட்சம் கன மீட்டர் ஸ்ப்ரூஸைக் கொன்றது. சரியாக அந்த நேரத்தில், 1977 இல், நார்வே ஆய்வாளர்கள் இந்த வண்டு தன் இனத்தைக் கூப்பிடப் பயன்படுத்தும் பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். முக்கியமானவை இரண்டு: சிஸ்-வெர்பினால், மெத்தில்பியூட்டினால். ஆய்வகத்தில் செய்து பையில் அடைத்துப் பொறியில் தொங்கவிடலாம். அப்புறம் என்ன, 1979 இல் நார்வே முழுக்க ஏறக்குறைய 6 லட்சம் பொறிகள் வைத்தார்கள். அந்த ஆண்டு சிக்கியவை 290 கோடி வண்டுகள், அடுத்த ஆண்டு 450 கோடி. இந்த எண்களை முதலில் படித்தபோது நான் பிரமித்துப்போனேன். ஆனால், இரண்டாம் ஆண்டு ஏன் கூடியது? கொள்ளை கொள்ளையாகப் பிடித்த பிறகும் வானிலையும் மரங்களின் நிலைமையும் மாறித்தான் அந்தப் பெருக்கம் அடங்கியது, பொறிகளால்தான் அடங்கியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இன்று மத்திய ஐரோப்பாவில் பொறி வைப்பது பெரும்பாலும் வண்டு எப்போது கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பொறியால் இன்னொரு தொல்லை. அது கறுப்புப் பிளாஸ்டிக்கில் கீற்றுக் கீற்றாகத் துளை போட்ட ஒரு தட்டையான பெட்டி. வாசனையைத் தேடிப் பறந்து வரும் வண்டு தட்டில் மோதி உள்ளே விழும். அதே வாசனையை மோப்பம் பிடித்து, வண்டைத் தின்னும் இன்னொரு வண்டும் வரும். கறுப்பும் சிவப்பும் உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, எறும்பு மாதிரி வேகவேகமாக ஓடும். பட்டை வண்டின் கூப்பாடு அதற்குச் சாப்பாட்டு மணி. டப்பாவுக்குள் அகப்பட்ட பிறகும் சும்மா இருக்காது, கூட அகப்பட்டவற்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். அதைத் தனியே எடுத்துப் புல்லில் விட்டுவிடுவோம். பொறியை மரத்துக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்துக்கு அழைத்துப் பக்கத்து வீட்டைக் காட்டிக் கொடுத்த கதைதான், வண்டு பொறிக்குள் விழாமல் அடுத்த மரத்தில் இறங்கிவிடும்.

எங்கள் வேலையின் பெரிய பகுதி நடை. ஒரு சரிவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்ப்ரூஸின் அடிமரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். தேடுவது பழுப்புத் தூள். ஆண் வண்டு முதலில் வந்து பட்டையைத் துளைத்து ஓர் அறை செய்யும். உடம்பின் பின்பக்கம் சாய்வாக வெட்டினது போல இருக்கும், பக்கத்துக்கு நாலு பல்லாக மொத்தம் எட்டுப் பல். அந்தச் சாய்வால் தூளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே உள்ளே போகும். வெளியே வந்த தூள் பட்டை இடுக்குகளிலும், வேர் கிளம்பும் இடத்திலும், சிலந்தி வலையிலும், கீழே முளைத்திருக்கும் செடிகளின் இலைகளிலும் மூக்குப்பொடி தூவின மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் போயிற்று, தடயம் முழுக்கக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகுதான் ஆட்களை அனுப்புவார்கள்.

போன கோடையில் மதுரையிலிருந்து முதுகலை மாணவி ஒருத்தி பயிற்சிக்கு வந்திருந்தாள். வனக்காவலர் ஒரு மரத்தில் ஆரஞ்சு வண்ணத்தில் கோடு போட்டுவிட்டு நகர்ந்ததும், அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

“அக்கா, இது நல்லாத்தானே நிக்குது? உச்சி வரைக்கும் பச்சை. இதைப் போய் வெட்டச் சொல்றாரு?”

உளியை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைப் பெயர்த்துக் காட்டினேன். பட்டையின் உள்பக்கம் நடுவில் அறை. அதிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மரத்தின் நீளவாக்கில் தாய்ச் சுரங்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்காது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் வரும், ஒவ்வொன்றும் தன் சுரங்கத்தைத் தானே தோண்டிக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் குழி குழியாக முட்டை வைத்துக்கொண்டே போகும். 50, 60, சில நேரம் 80. பொரித்த புழுக்கள் தாய்ச் சுரங்கத்துக்குக் குறுக்கே ஆளுக்கொரு பாதை போட்டுக்கொண்டு தின்னும். தொடக்கத்தில் நூல் அகலம், புழு பெருக்கப் பெருக்கப் பாதையும் பெருக்கும், கடைசியில் கூட்டுப்புழுவுக்கு ஓர் அறையோடு முடியும். நாங்கள் பெயர்த்த துண்டில் கூட்டுப்புழுக்கள் பால் வெள்ளையாகக் கிடந்தன. இரண்டொன்று மட்டும் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தன. அந்த நிறம் கறுத்துவிட்டால் கிளம்பிவிடும்.

இலையில் செய்த சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோவது இந்த உள்பட்டைதான். சுற்றிலும் அது அறுந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கிறது. இலைக்கு அது உடனே தெரிவதில்லை, பல வாரம் பச்சையாகவே நிற்கும். உச்சி சிவந்து இலை கொட்டத் தொடங்கும்போது உள்ளே பெரும்பாலும் காலி, குடிவந்தவர்கள் அடுத்த மரத்தில் இருப்பார்கள். சிவந்த மரத்தை அவசர அவசரமாக வெட்டுவதால் காட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. வெட்ட வேண்டியது பச்சையாக நிற்கிறதே, அந்தச் செத்த மரத்தை. இது காட்டு உரிமையாளர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை என்று வனக்காவலர் அலுத்துக்கொள்வார். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்ததில்லை. பச்சை மரத்தைக் காட்டி இது செத்துவிட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்?

சரி, அந்தச் சில வாரங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் வெப்பக் கணக்கு வருகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வண்டு நாட்காட்டி பார்ப்பதில்லை, சூட்டைச் சேமித்துக்கொண்டே போகிறது. 8.3 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி கூடுதலோ அதை வரவு வைக்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் சூட்டை வைத்துக் கூட்டிக்கொண்டே போய், 557 வந்தால் ஒரு முட்டை முழு வண்டாகிப் பறக்கத் தயார். காற்று 16.5 டிகிரியைத் தொட்டால்தான் பறக்கும். வியன்னாவின் வேளாண், வனவியல் பல்கலைக்கழகத்தில் 2007 இல் வெளியிட்ட கணிப்பு மாதிரி இது. இன்றைக்கு ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வனத்துறையினர் பார்க்கும் வண்டு வரைபடங்களுக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

ஒரே மலையில் தெற்குச் சரிவுக்கும் வடக்குச் சரிவுக்கும் வாரக்கணக்கில் வித்தியாசம் வரும். வெட்டவெளியை ஒட்டி நிற்கும் மரத்தின் பட்டையில் வெயில் நேராக விழுவதால் அங்கே வரவு வேகமாக ஏறும். அதனால்தான் ஒரு மரக்கூட்டத்தை வெட்டி எடுத்ததும், புதிதாக ஓரத்துக்கு வந்த மரங்களை அடுத்த நாளிலிருந்து கவனிக்கச் சொல்கிறோம். இன்னொன்றும் உண்டு. பகல் பொழுது பதினாலரை மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் புது வண்டுகள் முட்டை வைக்காமல் குளிர்காலத்துக்கு ஒதுங்கிவிடும், பட்டைக்குள்ளோ மண்ணிலோ. இந்த அட்சரேகையில் அது ஆகஸ்ட் மாதம். சூரியன் போட்ட அந்தக் கெடு மாறாது. மாறியது சூடு. முன்பு மலையில் ஒரு தலைமுறையோடு கெடு வந்துவிடும். இப்போது கெடுவுக்குள் இரண்டு முடிந்துவிடுகிறது, கீழே சமவெளிப் பக்கம் 2018 மாதிரியான கோடைகளில் மூன்றாவதும் தொடங்கிவிட்டது. ஒரு தலைமுறை கூடினால் பெருக்கல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் ஒரு புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தால் பிசின் சுரந்து வண்டை எதிர்க்க முடியாது, வண்டுக்கு இலவச வீடு. அதை அப்புறப்படுத்துவதற்குள் வறட்சி வந்தது, அடுத்த இரண்டு ஆண்டும் விடவில்லை. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டதில் 2018 தொடங்கி 2021 ஏப்ரல் வரை சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் மர மூடாக்கு போயிருந்தது, நாட்டின் காட்டுப் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம். இதில் பெரும்பங்கு ஸ்ப்ரூஸ். ஜெர்மனியின் நடுவே இருக்கும் ஹார்ட்ஸ் மலைக்கு அந்த ஆண்டுகளுக்குப் பிறகு போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல் நிறக் கம்பங்கள்.

ஹார்ட்ஸுக்கு இது முதல் தடவை இல்லை. அங்கே வெள்ளி, ஈயச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் காட்டைத் தின்று தீர்த்துவிட்டு, சீக்கிரம் நேராக வளரும் என்று ஸ்ப்ரூஸை வரிசை வரிசையாக வைத்தார்கள். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இந்த வண்டு அந்த மலையைக் காயவைத்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் க்மெலின் 1787 இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். வண்டுதான் மரத்தைக் கொல்கிறதா, ஏற்கெனவே சீக்காளியான மரத்துக்கு வண்டு வருகிறதா என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டை. 200 ஆண்டுக்கு மேலாகியும் அந்தச் சண்டையின் பேரன்கள்தான் நாங்கள். பதில் இரண்டும்தான். வண்டுக் கூட்டம் சிறியதாக இருந்தால் நோஞ்சான் மரத்தை, விழுந்த மரத்தைத்தான் தேடும். கூட்டம் பெருத்துவிட்டால் நல்ல திடமான மரமும் தாங்காது.

திடமான மரம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, ஆஸ்திரியாவின் ரோசாலியா காட்டில் மரங்களுக்குக் கீழே கூரை போட்டு மழையை மறித்து, அடிமரத்தில் பெட்டி கட்டி வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். தாகம் முற்றின மரத்தில் பிசின் வருவது குறைந்தது, வண்டு துளைப்பது கூடியது. கேட்டால் இது யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். ஆனால் காட்டில் நிற்கும் முழு மரத்தில் இதைக் காட்டுவதற்குப் பட்ட பாட்டைப் படித்தால், தெரிந்த விஷயம் என்று வாய் வராது.

பிசின்தான் மரத்தின் கோட்டைச்சுவர். வண்டோ அந்தச் சுவரிலிருந்தே செங்கல் உருவிக்கொள்கிறது. பிசினில் உள்ள ஆல்ஃபா-பைனீனை மாற்றித்தான் தன் கூட்டத்தை அழைக்கும் சிஸ்-வெர்பினாலைச் செய்கிறது. மரம் நிறைந்த பிறகு வெர்பினோன் என்ற இன்னொன்று வெளிவரும், இங்கே இடமில்லை, வேறு மரம் பாருங்கள் என்று அர்த்தம். வண்டு தனியாகவும் வருவதில்லை, உடம்பில் பூஞ்சைகளையும் சுமந்து வருகிறது. மரத்தை நீலமாக்கி மில்லில் விலையைக் கெடுப்பவை இந்தப் பூஞ்சைகள்தான். பூஞ்சை பிசினின் பொருள்களைச் சிதைத்து வேறு வாசனைகளாக மாற்றுகிறது, அந்த வாசனைகளுக்கென்று வண்டின் உணர்கொம்பில் தனி உணர் செல்களே இருக்கின்றன என்று யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தார் 2023 இல் காட்டினார்கள். எந்தப் பட்டையில் தன் பூஞ்சை நன்றாக வேரூன்றியிருக்கிறது என்று வண்டு முகர்ந்தே தெரிந்துகொள்ளும்போலிருக்கிறது. சிறு பூச்சி என்று அலட்சியமாகப் பேசுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1970 இல் தொடங்கியது, ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா. 1983 இல் புயலில் விழுந்த மரங்களின் ஒரு பகுதியை எடுக்காமல் அப்படியே விட்டார்கள். பிறகு வண்டு பெருகி, 1990களிலும் அதற்குப் பின்பும் மேட்டுப்பகுதிக் காடு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காய்ந்தது. பூங்கா நிர்வாகம் உள்பகுதியில் கை வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த மலை, ஒரு தலைமுறைக்குள் சாம்பல் நிறம். அந்தக் கோபம் சில வீடுகளில் இன்னும் ஆறவில்லை. இப்போது லூசன் மலைப் பக்கம் போனால், செத்த கம்பங்களுக்கு இடையே ஆளுயரத்தைத் தாண்டிய இளம் ஸ்ப்ரூஸும் ரோவன் மரமும் அடர்ந்து நிற்கின்றன. யாரும் நட்டதில்லை. அழிந்துபோய்க்கொண்டிருந்த ஒரு மஞ்சள் மரப்பூஞ்சைக்கு, மிகுந்து கிடக்கும் செத்த மரம் மறுவாழ்வு தந்திருக்கிறது.

பூங்காவின் ஓரத்தில் மட்டும் கதை வேறு. அக்கம்பக்கத்துத் தனியார் காட்டுக்கு வண்டு போய்விடாமல் இருக்க, எல்லையை ஒட்டி அரை கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் வண்டு ஏறிய மரங்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். விழுந்த மரத்தை முழுக்கப் பட்டை உரித்தால் வண்டு செத்துவிடும், கூடவே பட்டைக்குள் இருக்கும் மற்ற எல்லா உயிரும் போய்விடும். அதற்குப் பதில் எந்திரத்தால் பட்டையைக் கீறிவிட்டால் போதும், இந்த வண்டின் புழு பிழைக்காது, மற்றவை பெரும்பாலும் தப்பிக்கும், செலவும் குறைவு. 2016 இல் அந்தப் பூங்காவில் செய்த ஆய்வு இது. மொத்த ஆராய்ச்சியிலும் காட்டில் வேலை செய்கிற ஆள் மறுநாளே கையில் எடுத்துக்கொள்ளக் கூடிய முடிவு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பூங்காவைப் பார்த்துவிட்டு, சும்மா விட்டால் காடு தானே வந்துவிடும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பவேரியாவில் பாதிக்கு மேல் காடு தனியார் கையில். ஏழெட்டு ஹெக்டேர் வைத்திருக்கும் விவசாயிக்கு ஸ்ப்ரூஸ் சோறு போட்ட மரம். தாத்தா நட்டது, பேத்தி கல்யாணத்துக்கு வெட்டலாம் என்று வைத்திருந்தது. 2019, 2020 இல் எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டியதால் விலை பாதாளத்துக்குப் போனது, பலருக்கு வெட்டுக்கூலிகூட மிஞ்சவில்லை. அவர்களிடம் போய்ச் செத்த மரத்தில் பூஞ்சை வாழ்கிறது என்று பேச எனக்கு நா எழாது. அடுத்ததாக என்ன நடுவது என்று கேட்கிறார்கள். பீச், ஓக், சில்வர் ஃபர் கலந்து நடச் சொல்கிறோம். இளங்கன்றை மான் மேய்ந்துவிடாமல் வேலி போட யார் பணம் தருவது என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

வசந்தத்தின் தொடக்கத்தில் வட்டார வனக்காவலர்களோடு ஒரு கூட்டம் நடக்கும். நான் வரைபடங்களோடு போவேன். பூஞ்சை, உணர்கொம்பு பற்றியெல்லாம் பேசினால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: “எந்த வாரம் ஆட்களை இறக்க வேண்டும்?” அதற்கு இப்போது சரிவுவாரியாகப் பதில் சொல்ல முடிகிறது, சில நாள் முன்னே பின்னே இருந்தாலும். எந்த மரம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சுவீடனில் நாய்களுக்கு அந்த வாசனையைப் பழக்கி, நூறு மீட்டர் தள்ளியிருந்தே வண்டு ஏறிய மரத்தைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிறார்கள். டிரோனில் கேமரா வைத்துப் பச்சையில் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கப் பல இடங்களில் முயல்கிறார்கள், நாங்களும்தான். படத்தில் சந்தேகமாகத் தெரியும் மரத்துக்குக் கீழே போய் நின்றால் பாதி நேரம் வேறு ஏதோ காரணம். ஆகவே இந்த ஆண்டும் நடைதான். நடந்து தூள் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் வட்டாரத்தில் அந்த இடங்களுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.